மால்டாவில் பார்த்த ஓட்டைக் கல்

கல்லுக்குக் கூடாரம் போட்டு வைத்திருக்கும் ஊரை நான் மால்டாவில்தான் பார்த்தேன். சின்னக் கூடாரம் இல்லை. எங்கள் ஊர்த் தேரே உள்ளே போய்த் திரும்பி வரலாம், அத்தனை பெரிய வெள்ளைக் கூடாரம். அதன் அடியில் மஞ்சள் நிறக் கற்கள் ஆளுயரத்திலும் இரண்டாள் உயரத்திலும் வட்டம் வட்டமாக நின்றன. அவற்றின்மேல் மழை படக்கூடாதாம், உப்புக் காற்று படக்கூடாதாம். நம் ஊரில் மனிதர்களுக்கே இந்தக் கவனிப்பு கிடையாதே என்று மகளிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே டிக்கெட் வாங்கப் போனாள்.

மகள் அந்தத் தீவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தாள், காதோரம் நரைத்தும்விட்டது. எழுபதைத் தாண்டிய எங்கள் இருவரையும் விமானம் ஏற்றி வரவழைத்தது அவள் அப்பாவுக்காகத்தான். தொழிற்பேட்டைக்கு எங்கள் நிலம் போனதிலிருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்க மாட்டார். "ஒரு மாசம் இங்க வந்து இருந்துட்டுப் போங்கம்மா, நைனாவுக்கு மாறுதலா இருக்கும்" என்று போனில் தினமும் நச்சரித்தாள். வந்த பிறகு, லீவு கிடைத்த நாளில், "பழைய கோயில் இட்டுக்கினு போறேன், வாங்க" என்றாள். நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன். போய்ப் பார்த்தால் சாமியும் இல்லை, விளக்கும் இல்லை. எகிப்து நாட்டுப் பிரமிடுகளுக்கும் முந்திய கோயில் என்று காதில் மாட்டிய கருவியைக் கேட்டு மகள் சொன்னாள். சுற்றிலும் சப்பாத்திக் கள்ளி. அதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம் என்று முணுமுணுத்தபடி நடந்தேன்.

ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பலகைக் கல்லை நிறுத்தியிருந்தார்கள். அதன் நடுவில் ஒரு ஓட்டை. ஆள் குனிந்து உள்ளே போகலாம். என் வீட்டுக்காரர் அதற்கு முன்னால் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். நான் முழங்கையைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. கோணிப்போன தன் வலது மணிக்கட்டை இடது கையால் தடவிக்கொண்டே, "நம்மளுது இத்தினி பெரிசு இல்ல" என்றார். பல நாளைக்குப் பிறகு அவராகப் பேசிய பேச்சு அது.

"அதையாவது ஞாபகம் வெச்சிக்கினு கீறியே" என்றேன் நான். என் வாய் அப்படி. எனக்கு அழுகை வந்ததை அவருக்குக் காட்டக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன்.

எங்கள் ஊர் சத்தியவேட்டுக்குப் பக்கம். இப்போது அது ஆந்திரா. நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது சென்னை ராஜ்யத்தில், செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. ஊருக்கு மேற்கே ஒரு கரடு. அதன் சரிவில் பலகைக் கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, சின்னச் சின்ன அறைகளாகக் கட்டி வைத்திருந்தார்கள். தமிழ் பேசும் நாங்கள் பாண்டவர் குழி என்போம். தெலுங்கு வீட்டுக்காரர்கள் ராட்சசர் கட்டியது என்பார்கள். எட்டாம் வகுப்போடு நின்றாலும் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவள் நான். பெயர் தெரியாத பழங்கால ஜனங்கள் தங்கள் செத்தவர்களுக்குக் கட்டிய இடம் அது என்று பின்னால் எதிலோ படித்துத் தெரிந்துகொண்டேன். பாண்டவரும் இல்லை, ராட்சசரும் இல்லை. நம்மைப் போல அழுதவர்கள்தான்.

பால்குடி மறக்கும் முன்பே இறந்த குழந்தையை எங்கள் ஊரில் சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பாண்டவர் குழியில்தான் புதைப்பார்கள். கற்களுக்கு நடுவே நரி தோண்டாது என்பது ஆண்கள் சொல்லும் காரணம். பாண்டவர் வீட்டில் பிள்ளை பத்திரமாக இருக்கும் என்று பெண்கள் சொல்லிக்கொள்வோம்.

என் மூத்த பெண் அங்கேதான் போனாள். தவழ ஆரம்பித்திருந்தாள். மல்லாக்கப் போட்டால் வீறிட்டு அழுவாள், ஒருக்களித்துப் போட்டால்தான் தூங்குவாள். ஒரு காய்ச்சல் வந்தது. உள்ளூர்க் கஷாயம் எதற்கும் கேட்கவில்லை. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று வண்டி கட்டினோம். நாகலாபுரம் தாண்டுவதற்குள் என் மடியிலேயே அடங்கிப்போனாள். வண்டியைத் திருப்பச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மாடுகள் பாட்டுக்குக் கொஞ்ச தூரம் போய்க்கொண்டே இருந்தன.

அவள் கையில் கருப்பு வளையல் போட்டிருந்தேன். அதைக் கழற்ற வந்த கையை நான் தட்டிவிட்டேன். வளையலோடுதான் போனாள். எங்களில் பெண்கள் புதைக்கும் இடத்துக்குப் போவதில்லை, தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அவர் பிள்ளையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு போனதை முனையில் நின்று பார்த்தேன். குளித்துவிட்டு வந்தவரிடம் "எங்க?" என்று மட்டும் கேட்டேன். "ஓட்டைக் கல்லு கீதே, அந்தக் குழியில" என்றார். அத்தனை குழிகளில் ஒன்றில் மட்டும்தான் முன்பக்கத்துப் பலகையில் வட்டமாக ஒரு ஓட்டை உண்டு. ஒரு குழந்தையின் தலை நுழையும் அளவு. போய்ப் பார்க்கிறேன் என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். புதைத்த இடத்தைப் பெற்றவள் பார்த்தால் அடுத்தது தங்காது என்று மாமியார் அடித்துச் சொல்லிவிட்டார். அடுத்தது தங்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. அதனால் கழனியில் வேலை செய்யும்போது தூரத்தில் தெரியும் அந்தச் சரிவைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். அங்கே ஒரு கல் வீட்டில் அவள் ஒருக்களித்துத் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு இல்லாவிட்டால் நான் உயிரோடு இருந்திருப்பேனா என்பது சந்தேகம்.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து போயிருந்த காலம் அது. எந்த ஊர் யாருக்கு என்கிற சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை. அதுவரை எங்கள் ஊரில் யாரும் தமிழர், தெலுங்கர் என்று பிரித்துப் பேசியதில்லை. ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்போம். திடீரென்று ஆண்கள் எல்லாரும் தேசப்படம் வரைகிறவர்களாகிவிட்டார்கள். டீக்கடையில் விரலால் தண்ணீரைத் தொட்டு மேஜையில் எல்லை போட்டார்கள். எல்லைக்காக ஆபீசர்கள் ஊர் ஊராக வந்து பார்க்கப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். பெண்களுக்கு அங்கே இடமில்லை. தண்ணீர்க் குடத்தோடு போவது போலப் போய் நின்று கேட்டேன்.

"வந்தாங்கன்னா பழைய எல்லை எங்க கீதுன்னு கேப்பாங்கோ. காட்டறதுக்கு நம்மகிட்ட இன்னா கீது?" என்றார் மணியக்காரர்.

"பாண்டவர் குழியில கல்லு கீதே," என்றது ஒரு குரல். "அதவிடப் பழைய கல்லு எந்த ஊர்ல கீது? எடுத்தாந்து ஏரிக்கு அப்பால நட்டுட்டா, ஏரி நம்மளுதுன்னு பாக்கறவனுக்கே தெரியும்."

கூட்டம் கைதட்டியது. பழைய கல்லை நட்டால் எல்லையும் பழசாகிவிடும் என்று அத்தனை பேரும் நம்பினார்கள். விடிந்ததும் வண்டிகள் கரட்டுக்குப் போவதாக முடிவாயிற்று. எங்கள் வண்டியையும் கேட்டிருந்தார்கள்.

நான் வீட்டுக்கு வந்து அவர்மேல் பாய்ந்தேன். "நம்ம பொண்ணு தலைமாட்டுக் கல்லையுமா பிடுங்கப் போறீங்கோ?"

"ஓட்டைக் கல்லத் தொட மாட்டாங்கோ. நான் கீறேன் இல்ல" என்றார்.

காலையில் நான் சாணி தெளித்துக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் வந்து நின்றார். வேட்டியெல்லாம் மண். வலது மணிக்கட்டு புடைத்துத் தொங்கியது. மாடு கட்டி நீர் இறைக்கிற கவலை மேட்டில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். யாரோ புத்தூருக்கு அழைத்துக்கொண்டு போய்க் கட்டுப் போட்டுக் கூட்டி வந்தார்கள். பச்சிலையும் முட்டையும் மூங்கில் பத்தையுமாக அந்தக் கட்டோடு அவர் திரும்பியபோது எல்லாக் கற்களும் ஏரிக்கு அப்பால் போயிருந்தன. ஓட்டைக் கல்லும் போயிருந்தது. சரிவில் பள்ளங்கள்தான் மிச்சம். வண்டிச் சக்கரமும் கடப்பாரையும் பட்டு, எது எந்தக் குழி என்று தூக்கிப் போனவர்களுக்கே அடையாளம் சொல்லத் தெரியவில்லை.

"நான் கீறேன்னு சொன்னியேய்யா" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது இந்த மகள் என் வயிற்றில் இருந்தாள். அவள் பிறக்கிறவரை நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. புத்தூர்க் கட்டு ஊருக்கெல்லாம் கூடும், அவருக்கு மட்டும் கோணலாகத்தான் கூடியது. நினைத்து நினைத்து ஒரு வார்த்தை சொன்னேன், உனக்கு அது வேண்டும் என்று.

அந்தக் கற்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் சுண்ணாம்பு அடித்து வரிசையாக நட்டார்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரார் சும்மா இருப்பார்களா? ஒரே நாளில் எல்லாக் கல்லுக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, தங்கள் ஊர் எல்லைச் சாமி என்று கும்பிட்டார்கள். சாமியான கல்லைப் பிடுங்க எங்கள் ஆட்களுக்குக் கை வரவில்லை. போய்ச் சத்தம் போட்டவர்களும் பொங்கல் வாங்கித் தின்றுவிட்டு வந்தார்கள். ஆபீசர்களின் ஜீப் பெரிய ரோட்டோடு போயிற்று, ஏரிப்பக்கம் திரும்பவே இல்லை. எல்லையை எங்கேயோ ஓர் அறையில் காகிதத்தில் போட்டுவிட்டார்கள். ஏரியும் நாங்களும் அந்தப் பக்கத்து ஊரும் மொத்தமாக ஆந்திராவில் விழுந்தோம். அதற்குப் பிறகு அந்தக் கற்களை யாரும் கேட்கவில்லை. இரண்டு கல் துணி துவைக்கப் போயின, சில மதகு வேலைக்குப் போயின. ஓட்டைக் கல்லின் ஓட்டையில் கயிறு விட்டு எருமை கட்டியிருந்ததை நானே பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பிறகு வாழ்க்கை நடந்தது. மகளைத் தெலுங்கு மீடியத்தில் படிக்க வைத்தோம், சித்தூரில் நர்ஸ் படிப்பு முடித்தாள். நாங்கள் வேர்க்கடலையும் கரும்பும் போட்டோம். எங்கள் கிணற்றடியில் ஒரு புங்க மரம் இருந்தது, அவர் சின்ன வயசில் வைத்தது. மத்தியானச் சோற்றைக் கொண்டுபோய் அதன் அடியில் வைத்துத்தான் தின்போம். அந்த நிழலில் ஒரு மாட்டைக் கட்ட விட மாட்டார் மனிதர். எருக் குழி அங்கே வெட்டலாம் என்றால் கூடாது, களத்தை அங்கே மாற்றலாம் என்றாலும் கூடாது. "உன் தாத்தா புதையல் வெச்சிருக்காரா இங்க?" என்று கேட்பேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார். வயசாக ஆக முரட்டுப் பிடிவாதம் முற்றிக்கொண்டே போகிறது என்று மகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நான் மரத்தில் சாய்ந்துகொண்டு கரட்டைப் பார்ப்பேன். சரிவில் ஏதாவது ஒரு பள்ளத்தைத் தேர்ந்தெடுத்து, இதுவாக இருக்குமா என்று நினைப்பேன். என்றைக்காவது யாராவது வந்து இதுதான் என்று ஒரு விரலை நீட்டிக் காட்ட மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். எனக்கு வேறு எந்த ஆசையும் அத்தனை நாள் நீடித்ததில்லை.

தொழிற்பேட்டை வந்தபோது எங்கள் கழனியும் போயிற்று. ஊரே கையெழுத்துப் போட்டது, நாங்களும் போட்டோம். சமன் செய்கிற எந்திரம் வந்த அன்று அவர் போய்ப் புங்க மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்க மாட்டேன் என்றார். அதிகப் பணம் கேட்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். "போட்ட கையெழுத்துக்கு அப்பால இன்னாய்யா வீம்பு?" என்று நானும்தான் சத்தம் போட்டேன். கடைசியில் பங்காளிகள் இரண்டு பேர் கைத்தாங்கலாகத் தூக்கி வந்தார்கள். எந்திரம் மரத்தை வேரோடு புரட்டியதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

ஓட்டைக் கல்லைப் பார்த்த மறுநாள் மகள் எங்களை அந்தத் தீவின் மியூசியத்துக்குக் கூட்டிப் போனாள். பூமிக்கடியில் குடைந்த ஒரு கல்லறையில் கிடைத்ததை இருட்டான சின்ன அறையில் தனியாக வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவில் ஒரு மண் பொம்மை. கட்டிலில் தூங்குகிற பெண். நடுவில் கொஞ்சம் தொய்ந்த கட்டில். அவள் ஒருக்களித்து, கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்திருந்தாள். அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான். மகள் ஏதோ போன் வந்து வெளியே போனாள்.

"இப்டித்தான் கீறா" என்றார் அவர்.

"யாரு?"

"நம்ம பொண்ணு. ஒருக்களிச்சி. ரெண்டாவது வாட்டியும் அப்டித்தான் படுக்க வெச்சேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ரெண்டாவது வாட்டி என்றால் என்ன என்று கேட்டேன். அவர் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார். வண்டிகள் போவதற்கு முன், விடிகிற நேரத்தில், தனியாகக் கரட்டுக்குப் போயிருக்கிறார். ஊரை எதிர்த்துப் பேசினால் நிற்காது என்று தெரியும், அதனால் பிள்ளையை எடுத்துவந்துவிட முடிவு செய்திருக்கிறார். மூடு கல்லைக் கடப்பாரையால் நெம்பும்போது அது நழுவி மணிக்கட்டில் விழுந்திருக்கிறது. உடைந்த கையோடுதான் உள்ளே குனிந்து எடுத்திருக்கிறார். "கருப்பு வளையலு அப்டியே இருந்துது. அத வெச்சித்தான் பாத்து எடுத்தேன். துண்டுல கட்டிக்கினு கழனிக்கு வந்தேன்" என்றார். புதைத்ததைத் தோண்டுவது எங்களில் பெரும் பாவம். பயிர் வைக்கிற நிலத்தில் புதைப்பதும் ஆகாது. இரண்டையும் ஒரே காலையில் செய்துவிட்டு, கவலை மேட்டில் வழுக்கி விழுந்தேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"கழனியில எங்க?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"புங்க மரத்தாண்ட."

அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன்யா சொல்லல? இத்தினி வருசமா ஏன்யா எனக்குச் சொல்லல?"

"அப்போ நீ மாசமா இருந்த. சொன்னா அந்த எடத்த வுட்டு எழுந்திருப்பியா? பிள்ள பொறந்தப்பறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்பால நீ தினிக்கும் அங்க வந்து குந்திக்கினு சோறு துன்ன. எனக்கு அது போதும்னு இருந்துது. எல்லாரும் ஒண்ணாத்தானே கீறோம்னு வுட்டுட்டேன்."

"மரத்தப் புரட்டின அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீயும் வந்து குந்தியிருப்ப. உன்னையும் தூக்கி அப்பால போட்டிருப்பாங்கோ. அத நான் எப்டிப் பாக்கறது?"

அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவர் அழவில்லை. அந்தக் கோணல் மணிக்கட்டை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த மண் பெண் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஓர் அறை, ஒரு விளக்கு, வாசலில் ஒரு காவல்காரர். என் பெண் தூங்கிய இடத்தில் இன்று கான்கிரீட் போட்டு லாரி நிறுத்துகிறார்கள். எந்த நாட்டுக்காரனும் வந்து அவளுக்குக் கூடாரம் போடப் போவதில்லை.

மகள் திரும்பி வந்து, "இன்னா ஆச்சிம்மா, ரெண்டு பேரும் இப்டி அழுறீங்கோ?" என்று பதறினாள். அவரிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "மரத்துக்கு எந்தப் பக்கம்?" என்றேன்.

"நீ சாஞ்சி குந்துவியே, அதுக்குப் பின்னால."

நான் கரட்டைப் பார்த்துத்தான் உட்காருவேன். அத்தனை வருஷமும் வெறும் பள்ளங்களைப் பார்த்து அழுதிருக்கிறேன், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.